படத்தின் ஓரத்தில் ஒரு போன் நம்பர்

மலேசியாவில், சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் டியூஷன் எடுக்கிறேன். நாலாம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் சிலர் பருவநிலை மாற்றத்தைப் பற்றி டிக்டாக்கில் விடாமல் வீடியோ போடுகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வெள்ளமும் புகைமூட்டமும் அவர்களுக்குப் பாடப்புத்தக விஷயமில்லை.

போன மழைக்காலத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படம் வந்தது. லயத்து வீடுகள், ஜன்னல் வரை தண்ணீர், 'பக்கத்துத் தோட்டம், இப்போது' என்று கீழே எழுத்து. மேலே இரட்டை அம்புக்குறி, அதாவது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. "டீச்சர், ஆளுங்க மாட்டிக்கிட்டு இருப்பாங்க, உடனே போடணும்" என்று ஒரு பையன் துடித்தான். அவன் தவிப்பு நியாயம்தான். பக்கத்திலிருந்த பெண் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ஓரத்தில் பாதி மூழ்கிய கடைப் பலகை, அதில் 09 என்று தொடங்கும் போன் நம்பர். "நம்ம பக்கம் 03 ஆச்சே டீச்சர், இது கிழக்குக்கரை நம்பர்." கூகுள் லென்ஸில் தேடினால் 2014 கிளந்தான் வெள்ளச் செய்தியில் அதே படம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் எங்கள் ஆற்று மட்டத்தையும் பார்த்தார்கள். சாதாரண அளவில்தான் இருந்தது.

புகைமூட்ட நாளில் நடந்தது இதைவிடச் சிக்கல். போனில் இருந்த ஒரு வெளிநாட்டுச் செயலி பெரிய எண்ணைக் காட்டியது. சுற்றுச்சூழல் துறையின் காற்று மாசுக் குறியீடான ஐபியு அதைவிடக் குறைவு. 'அரசாங்கம் மறைக்கிறது' என்று தலைப்பே தயாராகிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், இரண்டும் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று பாருங்கள் என்றேன். ஐபியுவில் பிஎம்2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி. அந்தச் செயலியில் அமெரிக்க அளவுகோல், அந்தந்த நேரத்துக் கணக்கு. புகை திடீரென ஏறினால் இரண்டும் ஒத்துப்போகாது. பழைய தலைப்பைத் தூக்கிவிட்டு இதையே விளக்கி வீடியோ போட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமை!

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், ஆலைக்கழிவு ஓடையில் கலப்பதாக இவர்கள் எடுத்த படங்கள் உண்மையானவை. இடையில் ஒரே ஒரு பொய்ப் படம் நுழைந்தாலும் போதும், அதையே காட்டி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். படிக்காத பிள்ளைகள் கிளப்பும் புரளி என்று பேசவும் ஆளிருக்கிறது.

இப்போது படம் எடுக்கும்போதே பாலமோ சாலைப் பலகையோ தெரிகிற மாதிரி எடுக்கிறார்கள். புலனத்தில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அதோடு இருக்கும் நேர, இடக் குறிப்பு போய்விடும் என்பதால், அசலைப் போனிலேயே அழிக்காமல் வைக்கிறார்கள்.