மறுமொழி: ‘எக்ஸ்சிக்யூட்டிவ் காம்பன்சேஷன்’ – இழப்பீடு வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ‘எக்ஸ்சிக்யூட்டிவ் காம்பன்சேஷன்’, அதாவது ஒரு நிறுவனம் தன் தலைமை நிர்வாகிக்குத் தருவது எல்லாம் சேர்ந்த மொத்தம், இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘இழப்பீடு’ என்றே வைக்கலாமே, அகராதியில் இருக்கிறதே.

இருக்கிறது ஐயா, பினாங்கில்தான் செல்லாது. போன மாதம் இங்கே ஓர் அறநிறுவனத்தின் கூட்டத்துக்காக ஆவணம் ஒன்றை மொழிபெயர்த்தேன். முதல் பக்கத்திலேயே ‘தலைமை நிர்வாகியின் இழப்பீடு’ என்று போட்டுவிட்டேன். மூத்த அறங்காவலர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அவருக்கு என்னய்யா ஆச்சு? சொக்சோவுக்கு எழுதிப் போட்டாச்சா?” என்றார். வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் மலேசிய அமைப்புதான் சொக்சோ.

சரி, ‘சம்பளம்’ போதுமா? சம்பளத்தோடு போனஸ், வீட்டுப்படி, கார், அப்புறம் முதலாளி தன் பங்காகக் கட்டும் இபிஎஃப் என்ற சேமநிதி எல்லாம் சேர்ந்ததுதான் காம்பன்சேஷன். அமெரிக்க அறநிறுவனங்கள் வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவத்தின் ‘ஜே’ இணைப்பில் அடிப்படைச் சம்பளம், போனஸ், ஓய்வுக்காலத் தொகை, வரியில்லாச் சலுகை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சம்பளத்தை மட்டும் பேசினால் காரும் வீடும் கண்ணில் படாமல் போய்விடும்.

> தொகுப்பூதியம்?

தமிழ்நாட்டில் அது தற்காலிக ஆசிரியர்களுக்குப் படி எதுவும் இல்லாமல் மொத்தமாகக் கொடுக்கும் தொகை. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

> உழைப்பீடு?

உழைப்புக்கு ஈடு, பொருள் அழகு. ஆனால் அவசரத்தில் படித்தால் இழப்பீடு மாதிரியே தெரிகிறது. மறுபடியும் சொக்சோதான்.

என் பரிந்துரை ஊதியக்கட்டு. விறகுக்கட்டு மாதிரி, அவிழ்த்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

அடுத்து, ‘காம்பெட்டிட்டிவ் காம்பன்சேஷன்’ என்பதற்குப் ‘போட்டி ஊதியம்’ வேண்டாம். பட்டிமன்றப் பரிசுத்தொகை போல இருக்கிறது. அதே அளவுள்ள நிறுவனம் அதே வேலைக்கு எவ்வளவு தருகிறது என்பதுதானே கேள்வி? அறநிறுவன ஊதியத்துக்கான அமெரிக்க விதி இலாப நிறுவனங்களையும் சேர்த்தே ஒப்பிட விடுகிறது. ஆகவே ‘ஈடான ஊதியக்கட்டு’.

இன்னொரு முடிச்சு பாக்கி. ஊதியத்தை முடிவு செய்யும் உறுப்பினர்கள் அதில் ஆதாயம் இல்லாதவர்களாக, அதாவது ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருள் அதை ‘அக்கறையற்ற உறுப்பினர்கள்’ என்று தருகிறது. எங்கள் கூட்டத்தில் சிலருக்கு அது பொருந்தும் என்பது வேறு விஷயம். ‘ஆதாயத் தொடர்பற்றோர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நீளம்தான் இடிக்கிறது. சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?