பண்பாட்டு அறிமுக நாள் வைத்தால் பயம் குறையுமா? இரு தரப்பு இளைஞர் நிகழ்ச்சிக்கு யோசனை தேவை

தறி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மோதல் நடந்து ஓய்ந்த ஒரு பகுதியில் இரு சமூகத்து இளைஞர்களுக்கு நிகழ்ச்சி திட்டமிடுகிறோம். தரப்புக்கு 12 பேர், மொத்தம் 24. வயது 18 முதல் 25. வாரம் ஒரு நாள், 2 மணி நேரம், 6 வாரம். முதல் 3 வாரம் ஒவ்வொரு தரப்பும் தன் திருவிழா, உடை, வழிபாடு பற்றிச் சொல்வது, மீதி 3 வாரம் கலந்துரையாடல் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. தெரிந்துகொண்டால் பயம் தானே போய்விடும் என்கிறார்கள். எனக்கு அரை மனதுதான். இதில் எதை மாற்றலாம்?

முடிச்சு

அந்த 3 வாரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள்.

பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பும் பழகப் பழக முன்முடிவு குறைகிறது என்பதுதான் பெரும்பாலானவற்றின் விடை. ஏன் குறைகிறது என்று 2008-ல் தனியாக அலசினார்கள். அடுத்த தரப்பைப் பற்றிய அறிவு கூடுவது, பதற்றம் குறைவது, அவர்கள் நிலையில் நின்று பார்ப்பது என்று மூன்று காரணங்களை எடுத்துக்கொண்டதில், அறிவின் பங்குதான் மிகக் குறைவு. யாருக்கும் அடுத்தவர் திருவிழாவைக் கண்டு பயமில்லை. 'நான் வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிடுவார்களோ' என்பதுதான் பயம். மேடையில் ஒருவர் பேச, எதிரே 12 பேர் உட்கார்ந்து கேட்டால் அது இம்மிகூடக் குறையாது. பேசுகிறவர் காட்சிப்பொருளாக நிற்பதுதான் மிச்சம்.

பண்பாட்டு அறிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உதவுவது சின்னச் சின்ன விஷயங்கள்: எவ்வளவு சத்தமாகப் பேசுவது, எவ்வளவு நெருங்கி நிற்பது, கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் சொல்வது. 2009-ல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஆம்-இல்லை கேள்விக்குப் பதில் வருவதற்கான சராசரி இடைவெளி ஜப்பானிய மொழியில் 7 மில்லி வினாடி, டேனிஷ் மொழியில் 469. அரை வினாடிகூட இல்லை. ஆனாலும் அந்த இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டால் போதும், 'என்னமோ மறைக்கிறான்' என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தாளை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்தி போடுங்கள்: கண்ணால் பார்த்தது, நான் எடுத்துக்கொண்ட பொருள், வேறு என்ன பொருள் இருக்கலாம். முதலில் 'கேட்டதும் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான்', இரண்டாவதில் 'பொய் சொல்லத் தயாராகிறான்'. மூன்றாவதை எதிர்த்தரப்பில் ஒருவர்தான் நிரப்ப வேண்டும்: 'மொழி தடுமாறியிருக்கும்', 'பெரியவர் கேட்டால் நாங்கள் கண்ணைப் பார்க்க மாட்டோம்'. பயிற்சி சொதப்புவது முதல் பத்தியில்தான். 'திமிராகப் பார்த்தான்' என்று எழுதித் தருவார்கள். திமிர் கண்ணுக்குத் தெரியாது, தாளைத் திருப்பிக் கொடுங்கள். 20 நிமிடப் பயிற்சிக்கு இதற்கே 10 நிமிடம் போகும், போகட்டும்.

மீதி 5 வாரமும் இரு தரப்பும் சேர்ந்து செய்யும் ஒரு வேலைக்கு. 4 பேர் கொண்ட 6 குழு, ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு ஒன்று கூடவே கூடாது, அந்த ஒற்றை ஆள் தன் சமூகத்துக்கே பிரதிநிதி ஆகிவிடுவார். வேலைக்குத் தேவையான தகவலை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பங்கு கொடுங்கள். உளவியலாளர் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸில் ஆஸ்டின் பள்ளிகளில் கொண்டுவந்த முறை இது. அடுத்தவர் வாயைத் திறக்காமல் வேலை முடியாது என்ற நிலை வந்தால்தான் கவனித்துக் கேட்பார்கள்.

சும்மா ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், 1954-ல் ஓக்லஹோமா முகாமில் 22 சிறுவர்களை வைத்து ஷெரிஃப் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையைச் சொல்லுங்கள். சேர்ந்து சாப்பிட வைத்தபோது சாப்பாட்டையே எறிந்து சண்டை போட்டார்கள். தண்ணீர் வராமல்போய், இரு அணியும் சேர்ந்து தேடிச் சரிசெய்ய வேண்டி வந்தது போன்ற வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகே பகை தணிந்தது. (நடத்தியவர்களே சண்டையை மூட்டிவிட்டார்கள் என்ற குறை அந்தச் சோதனைமேல் உண்டு. நியாயமான குறைதான்.)

கரையோரம்

முடிச்சு சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். வெறியாட்டத்துக்குப் பிறகு வடக்கு ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களுக்குக் கால்பந்துப் போட்டி நடத்தி, சில அணிகளில் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்துப் பார்த்தார் சல்மா மூசா. முடிவு 2020-ல் வெளியானது. கலப்பு அணியில் ஆடியவர்கள் 6 மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சிக்குப் போனார்கள். மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

'இவன் நல்லவன், இவன் ஆட்கள்தான் மோசம்' என்று மனசு ஒருவரை மட்டும் விதிவிலக்காக்கி விட்டுவிடும். அதனால் 'இங்கே எல்லாரும் மனிதர்கள், அடையாளம் பேசக் கூடாது' என்று விதி போடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஆளாகப் பழகட்டும். அதற்குப் பிறகு, இவர் இன்ன சமூகம் என்ற நினைப்போடேயே பழக வேண்டும். அப்போதுதான் கிடைத்த நல்லெண்ணம் மற்றவர்களுக்கும் கொஞ்சம் நீளும்.

இன்னொன்று, கசப்பான ஒரு சந்திப்பு நல்ல சந்திப்பைவிட ஆழமாகப் பதியும். தயாரிப்பு இல்லாமல் நடத்துவதைவிடத் தள்ளிப்போடுவது மேல்.

செவிமடல்

கலந்துரையாடல் பகுதிக்கு என் யோசனை. எந்தத் தரப்பு பலமானது, எது ஒடுங்கியது என்று முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டும் சமம் என்று பாசாங்கு செய்தால் ஒடுங்கிய தரப்பு இரண்டாவது வாரமே வராது. புரூனோவும் சாக்ஸும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பலமான தரப்பின் மனநிலை மாறியது அடுத்தவர் சொல்வதைக் கேட்டபோது. பலம் குறைந்த தரப்பின் மனநிலை மாறியது, தாங்கள் சொல்ல, மற்றவர் காதில் வாங்கியபோது. ஆளுக்கு 3 நிமிடம் என்று ஒரே மாதிரி பங்கிட்டால் இது கிடைக்காது.

ஒடுங்கிய தரப்பில் ஒருவர் 4 நிமிடம் பேசட்டும், குறுக்கீடு கூடாது. எதிரே இருப்பவர் கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி. 'புரிகிறது, ஆனால்...' என்று யாராவது தொடங்கினால் அந்த 'ஆனால்'-இலேயே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு இடம் மாறட்டும். நெறியாளர் இரண்டு பேர், தரப்புக்கு ஒருவர். எந்த மொழியில் பேசுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு தரப்பின் மொழியிலேயே எல்லாம் நடந்தால் மற்றவர்கள் பாதி கவனத்தை வார்த்தை தேடுவதிலேயே செலவழிப்பார்கள்.

தறி

மூன்று பேருக்கும் நன்றி. வேலைக்குழுக்களோடு தொடங்குகிறோம். நிகழ்ச்சி நடக்கும்போதே வெளியே ஏதாவது அசம்பாவிதம் ஆகிவிட்டால்? அந்த வாரம் ரத்து செய்வதா?

செவிமடல்

ரத்து வேண்டாம், வழக்கமான வேலையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். அன்று அரை மணி நேரம் இரு தரப்பும் தனித்தனி அறையில், தங்கள் நெறியாளரோடு. அதன் பிறகே ஒன்றாக. ஒரு பலகையில் இரண்டு பகுதி பிரித்து, நேரில் பார்த்தவை ஒன்றிலும் கேள்விப்பட்டவை மற்றதிலும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பகுதிதான் நிரம்பும், அதை அவர்களே பார்க்கட்டும். சம்பவப் படம், வீடியோ எதையும் 24 மணி நேரத்துக்கு நிகழ்ச்சி வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை என்ற ஒப்பந்தத்தை முதல் வாரமே வாங்கி வையுங்கள். சம்பவம் நடந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

முடிச்சு

அன்றைக்கு வராதவர்களுக்கு மறுநாளே போன் போடுங்கள். கூப்பிடுவது அவர்கள் வேலைக்குழுவில் இருக்கும் எதிர்த்தரப்பு ஆளாக இருந்தால் நல்லது. ஏன் வரவில்லை என்று கேட்கச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் அவர் பங்குத் தகவல் இல்லாமல் வேலை நகராது என்று மட்டும் சொல்லட்டும்.