பம்பில் வரும் பால் பாதியாகிவிட்டது, சுரப்பு வற்றுகிறதா?

நாலரை மாத அம்மா:
வேலைக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. அலுவலகத்தில் இருக்கும் ஒன்பது மணி நேரத்தில் மூன்று முறை பம்ப் வைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் மகள் நேரடியாகத்தான் குடிக்கிறாள். முதலில் ஒரு தடவைக்கு 110 மில்லி கிடைத்தது. இப்போது இரண்டு பக்கமும் சேர்த்து 60ஐத் தாண்டுவதில்லை. மார்பும் முன்புபோல் கனப்பதில்லை. வீட்டில் அம்மா 130 மில்லி வீதம் நான்கு புட்டி கொடுக்கிறார். ஃப்ரீஸரில் சேர்த்ததும் தீரப்போகிறது. நேற்று அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன்.

இரட்டையர் தாய்:
அழுவதற்கு முன் பம்பைக் கழற்றிப் பாருங்கள் தோழி. மோட்டார் வழக்கம்போல் ஓடும், சத்தமும் மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் சிறிய சிலிக்கோன் வால்வு தளர்ந்திருந்தால் உறிஞ்சும் விசையே இருக்காது. தினமும் பலமுறை பயன்படுத்தினால் ஓரிரு மாதத்திலேயே தேய்ந்துவிடுவதுண்டு. வெளிச்சத்தில் பிடித்து, வாய் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள்.

புனலின் அளவையும் கவனியுங்கள். பம்போடு வந்த 24 மி.மீ. புனலை வலியோடு இரண்டு மாதம் ஓட்டினேன். எனக்குத் தேவைப்பட்டது 19. காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதியும் நிறைய இழுபட்டால் புனல் பெரிது என்று பொருள்.

இன்னொன்று, புட்டிமேல் ஒரு காலுறையை மாட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள். எத்தனை மில்லி என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எனக்குப் பால் இறங்கவே இறங்காது.

மூன்றாம் பேறு:
எனக்கும் இப்படித்தான் ஆனது. பவுடர் பாலுக்கு மாறிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன்.

பழைய செவிலி:
அதுவும் தவறில்லை. ஆனால் இவர் கேட்பது வேறு. எனக்குக் கணக்குத்தான் உதைக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி போதும். குழந்தை வளர்வதால் அந்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300. உங்கள் வீட்டில் போவதோ 520! பழைய 110 வந்திருந்தாலும் இதற்கு ஈடுகட்ட முடியாது.

புட்டியில் பால் தானாக வழிகிறது, அதனால் பசி அடங்கிய பிறகும் குழந்தை விழுங்கும். மெதுவாக ஒழுகும் ரப்பர் காம்பு போட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். பகலில் வயிறு முட்டக் குடித்தவள் மாலையில் உங்களிடம் அரைகுறையாகக் குடிப்பாள். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும்.

கனம் குறைந்ததற்குப் பயப்படாதீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பிறகு மார்பு மென்மையாவது இயல்பு. எடை கூடுகிறதா, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மருத்துவரிடம் போங்கள். இரவில் குடிக்கிறாளா? மாதவிடாய் திரும்பிவிட்டதா? கருத்தடை மாத்திரை, சளி மாத்திரை ஏதாவது?

நாலரை மாத அம்மா:
மாத்திரை எதுவும் இல்லை, மாதவிடாயும் வரவில்லை. ஆனால் மூன்று வாரமாக இரவில் எட்டு மணி நேரம் தூங்குகிறாள். நானும் மகிழ்ச்சியாகத் தூங்கிவிட்டேன்.

பழைய செவிலி:
பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். நீங்கள் படுக்கப்போகும் முன் ஒருமுறை பம்ப் வையுங்கள். முடிந்த நாளில் 20 நிமிடம் எடுத்து, 10 ஓய்வு, 10 எடுத்து, 10 ஓய்வு, மறுபடி 10 என ஒரு மணி நேரம் செய்யுங்கள். பலன் தெரியச் சில நாட்களாகும்.

நாலரை மாத அம்மா (ஒன்பது நாள் கழித்து):
ஒரு வால்வின் ஓரம் கிழிந்திருந்தது! மாற்றிய அன்றே 90 வந்தது. புட்டியின் அளவைக் குறைக்க அம்மாவுக்குத்தான் மனமில்லை, "பிள்ளை பட்டினி கிடக்கும்" என்றார். இப்போது 90 மில்லி வீதம் மூன்று புட்டி, சில நாள் அதிலும் மிச்சம். அந்த மிச்சத்தை அடுத்த வேளைக்குக் கொடுக்கலாமா?

பழைய செவிலி:
வாய் வைத்த பாலை, குடித்து நிறுத்தியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் கொட்டிவிடுங்கள். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், அதனால் 60 மட்டும் ஊற்றிக் கொடுத்து, கேட்டால் மீண்டும் ஊற்றச் சொல்லுங்கள்.