வெள்ளாட்டுக் குட்டி நாற்காலி: ஆசாரி கொம்பை வெட்டச் சொல்கிறார்

கோட்டுக்காரி:

வணக்கம். கோவையில் சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைகிறேன். என் படங்களில் அடிக்கடி வரும் வெள்ளாட்டுக் குட்டியைப் பார்த்துவிட்டு, மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், "இதையே குழந்தைங்க நாற்காலியா அடிக்கலாங்க, சேர்ந்து பண்ணுவோம்" என்றார். ஆசையாக வரைந்து கொடுத்தேன். வளைந்த கொம்பு, தாடி, நீட்டிய வால், கோணலாக நிற்கும் நாலு கால், உட்காரும் பலகையில் புள்ளிகள். இப்போது கொம்பை வெட்டச் சொல்கிறார், வால் வேண்டாம் என்கிறார், காலையும் நேராக்கச் சொல்கிறார். எல்லாம் போனால் பாலர் பள்ளி ஸ்டூல்தான் மிஞ்சும். நல்ல மனிதர், வேலையும் சுத்தம். சண்டை போட விருப்பமில்லை. எதை விடலாம், எதைப் பிடித்துக்கொள்ளலாம்? காசு விஷயம் இன்னும் பேசவே இல்லை. அதையும் யாராவது சொன்னால் நல்லது.

ரம்பத்தூள்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்டறைக்காரர் கட்சி. மேசை நாற்காலி வடிவமைத்துக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். ஓவியர்கள் தாளை நீட்டினால் எங்கே முறியும் என்றுதான் முதலில் கண் போகும்.

ஹவியேர் மரிஸ்கலின் காரிரி நாற்காலியைத் தேடிப் பாருங்கள். வலென்சியாவில் பிறந்தவர், காமிக்ஸ் வரைந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸின் கோபி நாய்க்குட்டியும் அவர் கைவேலைதான். காரிரிகள் அவருடைய காமிக்ஸ் பாத்திரங்கள். 1988-இல் அதை ஸ்பெயினின் அகாபா நிறுவனத்தோடு சேர்ந்து நாற்காலி ஆக்கினார். முதுகுக்கு மேலே இரண்டு வட்டக் காது, கால் நுனியில் சப்பாத்து. அவ்வளவுதான்! உட்காரும் இடத்தில் ஒரு சேட்டையும் கிடையாது. ஆனாலும் பார்த்த உடனே சிரிப்பு வந்துவிடும்.

அதே ஆள் 1995-இல் மொரோசோ என்ற இத்தாலிய நிறுவனத்துக்கு அலெஸ்ஸாண்ட்ரா என்ற மெத்தை நாற்காலி செய்தபோது காதையும் சப்பாத்தையும் அங்கே தூக்கிக்கொண்டு போகவில்லை. மொரோசோவின் பலம் மெத்தையும் துணியும். அதனால் வேடிக்கை முழுக்க மெத்தையிலேயே: கோணல்மாணலாகப் புடைத்த உருவம், கலர் கலராகத் துணி. எந்தப் பட்டறைக்கு எது கை வருமோ அதில்தான் குறும்பை வைக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு எது கை வரும்? மரத்தைச் சுழற்றிச் செதுக்கும் கடைசல் மெஷின் இருந்தால் குளம்பு அருமையாக வரும். இதை அவரிடம் கேட்காமலேயே வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கொம்பைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முழு மரத்தில் வளைவாக அறுத்தால், வளைவின் ஏதாவது ஓர் இடத்தில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, குறுக்கே ஓடிவிடும். பிள்ளைகள் கொம்பைப் பிடித்துத்தானே நாற்காலியை இழுப்பார்கள்? அந்த இடத்தில் பிஸ்கட் மாதிரி ஒடியும். 18 மி.மீ. பிளைவுட்டில் முதுகுப் பலகையும் கொம்பும் ஒரே துண்டாக அறுத்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும், அடுக்குக்கு அடுக்கு ரேகை மாறி மாறி இருப்பதால். நுனியைக் கூராக விடாமல் இரண்டு கொம்பும் மேலே வளைந்து ஒன்றோடொன்று சேரும்படி வரையுங்கள். அப்போது தூக்குகிற கைப்பிடியும் அதுவே. இடைவெளியில் பிள்ளையின் முழுக் கை தாராளமாக நுழையட்டும், தலை நுழையக் கூடாது. வேறெங்கும் 7 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடைப்பட்ட ஓட்டை வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும்.

காலில் மட்டும் நான் உங்கள் பக்கம். வெளியே சாய்ந்த கால்தான் உறுதி. பின்னங்கால், முதுகுப் பலகை உச்சிக்கு நேர் கீழேயோ கொஞ்சம் தாண்டியோ தரையைத் தொட்டால், பிள்ளை பின்னால் சாய்ந்தாலும் சுலபத்தில் கவிழாது. சாய்வுத் துளை போட ஜிக் (கருவியைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் அச்சு) இல்லாததால் தயங்குகிறாரோ என்னவோ. கேட்டுப் பாருங்கள். தாடி? மன்னிக்கவும், முதுகில் குத்தும்.

மைக்கூடு:

இரண்டு கொம்புக்கே இந்தப் பாடா! சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1945-இல் பிளைவுட்டை வளைத்துப் பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு யானை செய்தார்கள். பிளைவுட் வளைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் செய்யும் வேலை சிக்கலாக இருந்ததால் அப்போது அது விற்பனைக்கே போகவில்லை. விட்ரா என்ற மரச்சாமான் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது 2007-இல், பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள்.

கையெழுத்து:

நாற்காலிப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாயிற்றா? இல்லையென்றால் போடாதீர்கள். வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிய வேண்டுமானால் அந்த வடிவம் அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதியாமலே 50-க்கு மேல் தயாரித்து விட்டால், பதிப்புரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி அந்த வடிவத்தின் பதிப்புரிமையும் போய்விடும்.

காசைப் பொறுத்தவரை, மொத்தமாக ஒரு தொகையா, விற்கிற ஒவ்வொன்றுக்கும் இவ்வளவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மாதிரி செய்யும் செலவு யார் தலையில் என்பதையும். ஆட்டுக்குட்டிப் பாத்திரம் உங்களுடையது, நாற்காலிக்கு மட்டும் அனுமதி தருகிறீர்கள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல மனிதர் என்றால் இன்னும் சுலபம்.

கோட்டுக்காரி:

ரம்பத்தூள் அண்ணா, ஜிக் விஷயம் அப்படியே உண்மைங்க. கேட்டதும் சிரித்துவிட்டார், செய்து பார்க்கிறேன் என்றார். கடைசல் மெஷினும் இருக்கிறது. கொம்பு சேர்ந்த படம் எனக்கே முன்னதைவிடப் பிடித்திருக்கிறது. தாடியை விட்டுவிட்டேன். வாலுக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்களேன்?

ரம்பத்தூள்:

வாலைத் தனியாகச் செருகாதீர்கள், ஆடிக் கழன்றுவிடும். உட்காரும் பலகையை முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் நீட்டி, அந்த நீட்சியையே வாலாக அறுக்கச் சொல்லுங்கள். குட்டையாக, பின்னங்கால் தரையைத் தொடும் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் நடக்கிறவர் காலில் இடிக்காது. உட்காரும் உயரம் ஐந்து வயதுக்கு 28–30 செ.மீ. போதும். புள்ளிக்குப் பெயிண்ட் வாங்கும்போது, ஈயம் 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். கொம்பையும் அதே பெயிண்டால்தானே அடிப்பார், அதைக் கடித்துப் பார்க்காத பிள்ளை இல்லை.