மீட்டரில் 180 வந்தால் ஃப்ளோரைடு போய்விட்டதா?

பென்னாகரத்தான்:
"வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கும்போது ஒகேனக்கல் திட்டக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடப்பது முட்டாள்தனம். டி.டி.எஸ். மீட்டரில் 180 வந்தால் ஃப்ளோரைடு போய்விட்டது என்றுதான் அர்த்தம்." காவேரிப்பட்டினத்து நண்பர் நேற்று எழுதியது இது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளுக்கு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு மொத்தக் கணக்குச் சொல்கிறது. அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியவே தெரியாது. தண்ணீரில் ஃப்ளோரைடு கூடிப்போய், எங்கள் பக்கம் பிள்ளைகள் வாயைத் திறந்தால் பல்லில் காவிக் கோடு தெரிகிறது. இந்த விஷயத்தில் வாய்க்கு வந்ததை எழுதலாமா?

காவேரிப்பட்டினத்தான்:
எழுதியது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 600 இருந்த போர் தண்ணீர் 180 ஆகிறது. மற்ற உப்பெல்லாம் வெளியேறும்போது ஃப்ளோரைடு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்குமா? மெஷினுக்குள் இருக்கும் மெம்பிரேன், அந்த வடிகட்டும் சவ்வு, ஆள் பார்த்தா வடிகட்டுகிறது?

பென்னாகரத்தான்:
மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் ஃப்ளோரைடில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். அதை யார் மறுத்தார்கள்? நான் கேட்பது மீட்டரைப் பற்றி. உங்கள் மெஷினில் ஒரு சின்னத் திருகு இருக்கும். சுவைக்காக என்று சொல்லி, மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுகிற திருகு. அந்தத் தண்ணீர் யு.எஃப். வடிகட்டி வழியாக வந்தாலும் பயனில்லை. யு.எஃப். கிருமியைத் தடுக்கும், ஃப்ளோரைடை விட்டுவிடும். உங்கள் 600 தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது என்று வையுங்கள். திருகைத் திறந்து மீட்டரை 180க்குக் கொண்டுவந்தால், குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு ஏறக்குறைய 1.5 நிற்கும். இந்தியத் தரம் 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்குத்தான் 1.5 வரை சலுகை. மீட்டரோ அருமையான தண்ணீர் என்று காட்டும்.

ஓசூர் வாசி:
2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்றது. இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்?

பென்னாகரத்தான்:
பார்த்தீர்களா, அங்கேயும் டி.டி.எஸ்.! 450 உள்ள தண்ணீரில் 4 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை அப்படியே குடிக்க வேண்டுமா? ஓசூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்.

ஓசூர் வாசி:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியபோது பென்னாகரத்திலிருந்து யார் வந்து கேட்டீர்கள்?

அரூர் விவசாயி:
ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவு போகிறதே, அதைப் பற்றி யாராவது பேசுங்கள். எங்கள் தெருவில் அந்தக் கழிவை மாட்டுத் தொட்டியில் விடுகிறார்கள். மெம்பிரேன் தடுத்த ஃப்ளோரைடு அத்தனையும் அதில்தானே இருக்கிறது?

காவேரிப்பட்டினத்தான்:
அரூர்க்காரரே, அதைத் தனியாகப் பேசுவோம். பென்னாகரத்தாருக்கு விஞ்ஞானம் என்றாலே கசப்பு. போன கோடையில் கேன் தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான் குதித்தார். இந்த மெம்பிரேனை 1960 வாக்கில் கலிபோர்னியாவில் லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் நம் நாட்டில் பிறந்த சௌரிராஜன். அதைப் பெருமையாகச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை.

ஓசூர் வாசி:
அவர்கள் கடல் நீரைக் குடிநீராக்கப் பாடுபட்டார்கள். சென்னைப் பக்கம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலை கட்டியது அதற்குத்தான். கடலே இல்லாத மாவட்டத்தில் அந்தப் பெருமை எதற்கு?

காவேரிப்பட்டினத்தான்:
கடல் உப்பையே தடுப்பது போர் உப்பைத் தடுக்காதா? 180, ஐயா, 180!

பென்னாகரத்தான்:
சௌரிராஜன் பெருமையை நான் எப்போது குறைத்தேன்? அவர் செய்தது மெம்பிரேன். நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது கையடக்க மீட்டரை. போன கோடையிலும் கேன் மூடியில் ஒட்டியிருந்த எண்ணைத்தான் காட்டினீர்கள், ஆய்வக முடிவைக் கேட்டதும் காணாமல் போனீர்கள். குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சோதனைப் பெட்டி வாங்குங்கள். குப்பியில் தண்ணீர் எடுத்துச் சிவப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஃப்ளோரைடு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு நிறம் மஞ்சள் பக்கம் நகரும். சிவப்பு அப்படியே நின்றால்தான் நிம்மதி. எங்கள் மாவட்டங்களில் ஃப்ளோரைடு பாதிப்பைத் தடுக்கத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். மீட்டர் போதுமென்றால் அத்தனை கோடி எதற்கு?

காவேரிப்பட்டினத்தான்:
எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் மெஷின் தினமும் தண்ணீர் தருகிறது. இன்று காலையிலும் பார்த்தேன், 180.

பென்னாகரத்தான்:
180 என்பது மொத்த உப்பு. ஃப்ளோரைடு எவ்வளவு? அந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்தான்:
600 இருந்தது 180 ஆகியிருக்கிறது. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அரூர் விவசாயி:
மாட்டுத் தொட்டிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.