மறு: 'நாமினல்' – 'பெயர்ப்போலி' வேண்டாம், 'பெயர்நிலை' போதும்

அனைவருக்கும் வணக்கம். 'நாமினல்' என்ற ஆங்கில இலக்கணச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் பெரம்பூர் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> பெயர்ச்சொல்லாக இல்லாமலே பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்வது 'நாமினல்'. ஆகவே 'பெயர்ப்போலி' பொருந்தும்.

பெரம்பூர் ஐயாவின் இந்த வரியில்தான் இடறுகிறேன். நம் இலக்கணத்தில் போலிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'ஐந்து' என்பது 'அஞ்சு' ஆவதைப் போலி என்றுதான் பள்ளியில் படித்தோம். அதைவிடப் பெரிய சிக்கல்: ஆங்கில இலக்கணத்தார் அசல் பெயர்ச்சொல்லையும் 'நாமினல்' வட்டத்துக்குள்தான் வைக்கிறார்கள். அசலையும் போலி என்று அழைப்பதா?

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி 'தி புவர்ஸ்' என்று எழுதியிருந்தாள். 'ஸ்' மேல் கோடு போட்டேன். "ஏழைகள் என்றுதானே பொருள், பிறகு ஏன் 'ஸ்' கூடாது?" என்றாள். நியாயமான கேள்வி. 'புவர்' அங்கேயும் பெயரடைதான். அதனால்தான் பன்மை விகுதி ஏற்காது. 'தி வெரி புவர்' என்று முன்னால் 'வெரி' சேர்த்துக்கொள்ளும். ஆனால் எழுவாயாக நின்று 'ஆர்' என்ற பன்மை வினையைக் கேட்கும். ஆள் பெயரடை, உட்கார்ந்திருக்கும் நாற்காலி பெயருடையது.

காசிமேட்டு மீனை வைத்து விளக்கினேன். "பெரியதைக் கொடுங்கள், சின்னதை வைத்துவிடுங்கள்" என்கிறோம். மீன் என்ற சொல்லே வாயில் வரவில்லை. 'பெரிய' என்பதோடு 'து' ஒட்டி, அதன் மேல் 'ஐ' உருபும் ஏறிவிட்டது. நாம் விகுதியால் காட்டுவதை ஆங்கிலம் இடத்தால் காட்டுகிறது. (மீனுக்கு ஆங்கிலத்தில் 'தி பிக்' என்று நிறுத்த முடியாது, 'ஒன்' சேர்த்தாக வேண்டும். அதையும் அவளே கண்டுபிடித்துக் கேட்டாள்.)

ஆகவே, 'பெயர்நிலை'. நிலை என்பது நிற்கும் இடத்தையும் குறிக்கும், இருக்கும் தன்மையையும் குறிக்கும். புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. 'பெயர்நிலைக் கிளவி காலம் தோன்றா, தொழில்நிலை ஒட்டும் ஒன்றலங் கடையே' என்கிறது தொல்காப்பியம். பெயர் காலம் காட்டாது. 'வந்தவன்' போன்ற வினையாலணையும் பெயர் மட்டும் விலக்கு. அங்கே 'பெயர்நிலை' பெயர்ச்சொல்லையே குறிக்கிறது என்பதை மறைக்கவில்லை. வட்டத்தைச் சற்று அகலமாக்குகிறேன், அவ்வளவுதான். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "இங்கே பெயரடை பெயர்நிலையில் நிற்கிறது." நாக்கு தடுக்கவில்லை.

'பெயராக்கம்' என்று ராயபுரம் அம்மா முன்மொழிந்ததை இதோடு கலக்க வேண்டாம். அது 'டிசைட்' என்ற வினையை 'டிசிஷன்' என்ற பெயராக்கும் வேலை. ஆங்கில நடைக் கையேடுகள் அலுத்துக்கொள்வது அதைப் பற்றித்தான். எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த அறிவிப்பில் 'குழாய்ப் பழுதுபார்ப்புப் பணி மேற்கொள்ளப்படுவதால் குடிநீர் விநியோக நிறுத்தம் செய்யப்படும்' என்றிருந்தது. தண்ணீர் வராது என்பதை வினையே கண்ணில் படாமல் எழுத எவ்வளவு பாடு! இந்த நோய்க்குப் பெயராக்கம் என்ற பெயர் அழகாகப் பொருந்துகிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

'ஸ்விம்மிங்' வகைக்குத் தொழிற்பெயர் இருக்கிறது, கை வைக்க வேண்டியதில்லை. 'புத்தகத்தைப் படித்தல்' என்று செயப்படுபொருளையும் கூட்டிக்கொண்டு வருவதால் ஒப்புமை இன்னும் நெருக்கம்.

எனக்கு இடிப்பது ஒன்றே ஒன்று. 'வாட் ஹி செட்' போன்ற முழுத் தொடரைப் 'பெயர்நிலைத் தொடர்' என்றால், 'நவுன் ஃப்ரேஸ்' என்பதற்கு ஏற்கெனவே புழங்கும் 'பெயர்த்தொடர்' அருகில் வந்து குழப்புமா? தமிழில் 'அவர் சொன்னது' என்று ஒரு வினையாலணையும் பெயரால் முடிந்துவிடுவதால் நமக்கு இந்தத் தேவை இதுவரை எழவில்லை. 'பெயர்நிலைத் துணைத்தொடர்' என்று நீட்டலாம், ஆனால் பிள்ளைகள் திட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பயிற்சித்தாள் அச்சடிக்க வேண்டும். சனி மாலைக்குள் இதைவிடக் குட்டையான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், மாற்றிவிடுகிறேன்.