தங்கச்சி கல்யாணச் செலவை கார்டில் போட்டால் எவ்வளவு தேறும்?

கல்யாணவீட்டு அண்ணன் (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். ஆவணிக் கடைசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, சமையலுக்கும் ஆள் சொல்லியாச்சு. பாக்கி இருப்பது முகூர்த்தப் பட்டு, சீர்ப் பாத்திரம், பிரிட்ஜ், பீரோ, மளிகை, அப்புறம் ஒரு செயின். செயின் மட்டும் ஒன்றரை லட்சம் வரும் போலிருக்கிறது. பணம் இருக்கிறது. கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் ஆகஸ்ட் கடைசியில் முதிரும் சீட்டில்.

என்னிடம் மூன்று வருஷமாக ஒரு கிரெடிட் கார்டு. லிமிட் 1,60,000. ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி பில் வரும், கட்ட 20 நாள் டைம். கார்டில் செலவழித்ததற்கு வங்கி தரும் பாயிண்ட் இதுவரை சேர்ந்தது 11,400. வங்கியின் கேட்லாக்கில் 11,000 பாயிண்ட்டுக்கு ஒரு மிக்சி போட்டிருக்கிறான். "சும்மா வர்ற மிக்சிய ஏன் விடணும்?" என்கிறாள் வீட்டுக்காரி. ஆபீஸில் ஒருவர், எல்லாச் செலவையும் கார்டிலேயே தேய், நான் பாயிண்ட்டிலேயே கோவா போய் வந்தேன் என்கிறார். போட்டோ கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

எதைக் கார்டில் போடலாம், எதைப் போடக் கூடாது? இதற்கென்று புதுக் கார்டு ஒன்று வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேஷியர் (வண்ணார்பேட்டை)

தம்பி, முதலில் மிக்சியை விடுங்கள். உங்கள் ஆப்பில் பாயிண்ட்டைப் பணமாகப் பில்லில் கழிக்க ஒரு வழி இருக்கும். ஒரு பாயிண்ட் எத்தனை பைசா என்று அங்கே பாருங்கள். 25 பைசா என்றிருந்தால் அந்த 11,000 பாயிண்ட்டின் விலை 2,750 ரூபாய். அதே மாடல் மிக்சி கடையில் என்ன விலை என்று ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். நான் என் பாயிண்ட்டைக் கொடுத்து ஒரு டிராலி பேக் வாங்கினேன். அதன் சக்கரம் திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்திலேயே கழன்று, மதுரை வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அடுத்தது கணக்கு. நிறைய சாதாரணக் கார்டுகளில் 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட் என்கிற மாதிரிதான் கொடுப்பார்கள். பாயிண்ட் 25 பைசா என்றால் 150 ரூபாய்க்கு 50 பைசா. ஒன்றரை லட்சத்துக்குச் செயின் எடுத்தால் உங்களுக்கு வருவது 2,000 பாயிண்ட், அதாவது ஐந்நூறு ரூபாய். அதுவும் நகைக்குப் பாயிண்ட் உண்டு என்றால்தான். நகை, பெட்ரோல், வாடகை, இன்சூரன்ஸ், வாலட்டில் பணம் ஏற்றுவது இவற்றில் பலவற்றுக்குப் பாயிண்ட் கிடையாது என்று பல வங்கிகள் எழுதி வைத்திருக்கின்றன. கடையில் கார்டுக்கு 2 சதவீதம் கூடக் கேட்டால் அது 3,000 ரூபாய். ஐந்நூறு பெற மூவாயிரம் கொடுக்கிற வியாபாரம் நமக்கெதற்கு?

உங்கள் கார்டில் நிஜமான லாபம் பாயிண்ட்டில் இல்லை, தேதியில் இருக்கிறது. ஜூலை 11-இல் வாங்கினால் மறுநாளே பில், ஆகஸ்ட் 1-இல் கட்ட வேண்டும். 21 நாள். அதே சாமானை ஜூலை 13-இல் வாங்கினால் ஆகஸ்ட் 12-இல்தான் பில், செப்டம்பர் 1-இல் கட்டினால் போதும். 50 நாள். உங்கள் சீட்டும் அதற்குள் கைக்கு வந்துவிடும். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். ஆடியில் பட்டு எடுக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே 13-இலிருந்து 16 வரை நாலு நாள், அதில் எடுத்துவிடுங்கள். பாத்திரமும் பீரோவும் ஆடித் தள்ளுபடியிலேயே வாங்கலாம், அதுவும் அதே பில்லில்தான் விழும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மறந்துவிடக் கூடாது. நான் வங்கிக் கவுண்டரில் முப்பது வருஷம் இருந்தவன், அப்படியும் மகள் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன். பில் 1,05,000 வந்தது. கையில் ரொக்கம் முடைப்பட்டது. மினிமம் கட்டினால் போதும் என்று போட்டிருந்ததே என்று 5,000 கட்டினேன். மீதி ஒரு லட்சத்துக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி, 3,500. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. ஆக ஒரு மாதத்துக்கு 4,130. அதோடு வட்டியைச் சாமான் வாங்கிய நாளிலிருந்தே போட்டார்கள். அந்த மாதம் புதிதாகத் தேய்த்த காய்கறிக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. மறுவீட்டுச் சொதிக்கு உடைத்த தேங்காய்க்கும் சேர்த்து வட்டி கட்டினேன் என்று என் மச்சினன் இன்றைக்கும் சிரிப்பான். சீட்டு ஒரு வாரம் தள்ளிப் போனாலும் முழுப் பில்லையும் கட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். மொய்ப் பணத்தை நம்பி இறங்காதீர்கள், அது நாளைக்கு நாம் திருப்பி எழுத வேண்டிய கடன்.

ரதவீதி பாத்திரக்கடை (திருநெல்வேலி டவுன்)

கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். கார்டு தேய்த்தால் எங்கள் கையில் வரும் பணத்தில் ஒன்றரை, ரெண்டு சதவீதம் பிடித்துக்கொண்டுதான் வங்கி தரும். எவர்சில்வர் அண்டாவில் எனக்கு நிற்கிற லாபமே ஐந்தாறு சதவீதம். மெஷின் தரும்போது போடும் ஒப்பந்தப்படி அந்தத் தொகையை வாங்க வருபவரிடம் கேட்கக் கூடாது. நான் கேட்பதில்லை. ஆனால் ரொக்கத்துக்கு மூன்று சதவீதம் குறைத்துக் கொடுப்பேன். அதனால் அண்ணன் முதலில் "ரொக்க விலை என்ன?" என்று கேட்டு, விலையெல்லாம் பேசி முடித்து, கடைசியில் கார்டை எடுங்கள். எடுத்தவுடனேயே கார்டைக் காட்டினால் எங்கள் வாயிலிருந்து குறைந்த விலை வராது.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்யும் வசதி 2022-இல் வந்தது. சின்னக் கடைகளில் 2,000 ரூபாய் வரை அதற்குக் கடைக்காரனுக்குக் கட்டணம் இல்லை, அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மளிகை, பூ, கவர் மாதிரி சில்லறைச் சாமானுக்கு அது நல்லது.

தென்காசி மருமகள்

கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் சொல்லியாச்சா அண்ணா? பெண், மாப்பிள்ளை பேர் நெய்து தரும் பட்டுப் பாய்க்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் நாத்தனார் கல்யாணத்துக்கு நான் போய், பாய் நெய்யும் அக்காவின் க்யூஆரில் ரூபே கார்டை வைத்து அனுப்பப் பார்த்தேன். மூன்று தடவையும் போகவில்லை. வெயிலில் நின்றுகொண்டு நெட்வொர்க்கைத் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவர் மகனுடைய சொந்தக் கணக்கின் க்யூஆர். வியாபாரிக் கணக்காக இருந்தால்தான் கிரெடிட் கார்டிலிருந்து போகும், தனி ஆளுக்குப் போகாது. பாய்க்கும் பூக்காரிக்கும் ரொக்கம் எடுத்து வையுங்கள். அதற்காக ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் சொருகிவிடாதீர்கள், எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பிரிட்ஜ் மட்டும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாங்குங்கள். அப்போது குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் உடனடித் தள்ளுபடி என்று வரும், உச்சவரம்பு பார்த்துக்கொள்ளுங்கள். 1,500 என்று வைத்தாலும் அது பாயிண்ட்டில் சேர வருஷக்கணக்கு ஆகும். உங்களுக்கு 13-ஆம் தேதிக்கு மேல் வாங்கினால் அக்டோபர் 2-இல்தான் கட்ட வேண்டும். வட்டியில்லா இஎம்ஐ என்று ஆசை காட்டுவான். வட்டியை விலையில் கழித்துக் காட்டினாலும் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான்.

புதுக் கார்டு என்றால் மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு என்று வரவேற்புச் சலுகை தருவதாகப் பாருங்கள். எப்படியும் செய்கிற செலவுக்கு அது தேறும். முதல் வருஷம் முடிவதற்குள் வேண்டாமென்றால் மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளைக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதை நான் போனில் ஒருமுறை சொன்னதும் மறுநாளே மூடிவிட்டார்கள்.

கல்யாணவீட்டு அண்ணன்

அண்ணாச்சி, தென்காசித் தங்கச்சி, பாத்திரக்கடை அண்ணன், எல்லோருக்கும் நன்றி. அதே மிக்சி வண்ணார்பேட்டைக் கடையில் 2,150. கேட்லாக்கில் வாங்கியிருந்தால் 600 ரூபாய் போயிருக்கும். 11,400 பாயிண்ட்டையும் பில்லில் கழித்துவிட்டேன். 2,850-இல் கட்டணம் 99-உம் ஜிஎஸ்டியும் போக 2,733 கழிந்தது. செயினுக்குக் கணக்கிலிருந்து நேராக அனுப்பப் போகிறேன். புதுக் கார்டு வேண்டாம், ஒன்றின் தேதியை ஞாபகம் வைப்பதே எனக்குப் பெரிய காரியம்.

ஒரு சந்தேகம். பட்டும் பாத்திரமும் பீரோவும் சேர்ந்து லிமிட்டை முட்டிவிடும் போல இருக்கிறதே?

பழைய கேஷியர் (வண்ணார்பேட்டை)

பட்டுக்கான தொகையை மட்டும் பில் வருமுன்னேயே கட்டிவிடுங்கள் தம்பி, அந்த அளவுக்கு லிமிட் திரும்பத் திறந்துவிடும். முட்ட முட்டத் தேய்த்தால், கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கும். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணவீட்டு அண்ணன்

சரி அண்ணாச்சி. நேற்று ராத்திரி அம்மாவிடம், ஜூலை 13-ஆம் தேதி பட்டெடுக்கப் போகிறோம் என்றேன். காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருல குறிச்சுக் குடுத்த நாளு, ஜோசியரா?" என்று கேட்டாள்.

"பேங்க்காரன்மா" என்றேன்.